கடுகளவு பூமி

பள்ளிப் பாடநூலில் சூரியக் குடும்பத்தின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். இடது ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் சூரியன். அதையடுத்து புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் என எட்டுக் கோள்களும் வரிசை கட்டி நிற்கும். பெயர்களையும் வரிசையையும் நினைவில் வைத்துக்கொள்ள அந்தப் படம் உதவும். ஆனால் கோள்கள் எவ்வளவு பெரியவை, ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று தெரிந்துகொள்ள அதை நம்பினால் ஏமாந்துபோவோம்.

சூரியனிலிருந்து நெப்டியூன் 450 கோடி கி.மீ. தொலைவில் இருக்கிறது. இந்தத் தொலைவை 20 செ.மீ. அகலமுள்ள ஒரு பக்கத்துக்குள் அடக்கினால், அதே கணக்கில் சூரியனின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்குதான் வரும். பூமியின் விட்டமோ அதிலும் 109இல் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய புள்ளியை எந்த அச்சகத்திலும் அச்சிட முடியாது. படம் வரைந்தவர்மீது குற்றமில்லை. தாள் போதவில்லை, அவ்வளவுதான்.

தாள் போதாவிட்டால் என்ன, பள்ளியில் விளையாட்டுத் திடல் இருக்கிறதே!

திடலில் ஒரு சூரியக் குடும்பம்

எல்லாவற்றையும் ஆயிரம் கோடி மடங்கு சுருக்கிக்கொள்வோம். அப்படிச் செய்தால் ஒரு கோடி கி.மீ. தொலைவு ஒரு மீட்டர் ஆகிவிடும். ஒரு லட்சம் கி.மீ. ஒரு செ.மீ. ஆகும். பத்தாயிரம் கி.மீ. ஒரு மில்லிமீட்டர். மனக்கணக்காகவே போட்டுவிடலாம்.

சூரியனின் விட்டம் 13 லட்சத்து 92 ஆயிரம் கி.மீ. நம் கணக்கில் அது 14 செ.மீ. நார் உரித்த பெரிய தேங்காய் ஒன்றைத் திடலின் ஒரு மூலையில் வையுங்கள். பூமியின் விட்டம் 12,742 கி.மீ. நம் கணக்கில் ஒன்றேகால் மில்லிமீட்டர். அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு கடுகை எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது தேங்காயிலிருந்து நேராக நடங்கள். கிட்டத்தட்ட 6 மீட்டர் போனதும் ஒரு ரவைத் துகள்: அது புதன். 11 மீட்டரில் ஒரு கடுகு: அது வெள்ளி. 15 மீட்டரில் இன்னொரு கடுகு: அதுதான் பூமி. 23 மீட்டரில் ஒரு கசகசா: அது செவ்வாய். இதுவரை வைத்தவை எல்லாம் ஒரு வகுப்பறைக் கட்டடத்தின் நீளத்துக்குள் அடங்கிவிடும்.

இனிமேல் நடை நீளும். 78 மீட்டரில் ஒரு கோலிக்குண்டு: வியாழன். 143 மீட்டரில் அதைவிடச் சற்றே சிறிய கோலிக்குண்டு: சனி. பல பள்ளிகளில் இதற்கே வாசற்கதவைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிடுவோம். 287 மீட்டரில் ஒரு மிளகு: யுரேனஸ். 450 மீட்டரில் இன்னொரு மிளகு: நெப்டியூன். அங்கே நின்று திரும்பிப் பார்த்தால் தேங்காய் கண்ணுக்குத் தென்படுவதே கடினம்.

உண்மையில் கோள்கள் இப்படி ஒரே நேர்கோட்டில் நிற்பதில்லை. ஒவ்வொன்றும் தன் தொலைவில், தன் வேகத்தில் சூரியனைச் சுற்றி வருகிறது. புதனுக்கு ஒரு சுற்று 88 நாள். பூமிக்கு 365 நாளும் கால் நாளுக்குச் சற்றுக் குறைவும். நெப்டியூனுக்கு 165 ஆண்டுகள். நெப்டியூன் கண்டுபிடிக்கப்பட்ட 1846ஆம் ஆண்டிலிருந்து தன் முதல் சுற்றை அது முடித்ததே 2011இல்தான்.

இந்த நடையில் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடம், சூரியக் குடும்பத்தில் பெரும்பகுதி வெற்றிடம் என்பது. ஒரு தேங்காய், இரண்டு கோலி, இரண்டு மிளகு, இரண்டு கடுகு, ஒரு கசகசா, ஒரு ரவை. அரை கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்குள் சொல்லிக்கொள்ளும்படி இருப்பவை இவ்வளவே. மொத்தப் பொருளில் நூற்றுக்கு 99.8 பங்குக்கும் மேல் தேங்காயிடமே இருக்கிறது. மீதியில் பெரும்பகுதியை வியாழன் வைத்திருக்கிறது. நாம் உலகம் என்று சொல்லும் அத்தனையும், கடலும் மலையும் எண்ணூறு கோடி மக்களும், அந்த ஒரு கடுகில் அடக்கம்.

ஒளியின் வேகத்தையும் இதே அளவில் பார்த்துவிடுங்கள். வினாடிக்கு 3 லட்சம் கி.மீ. பாயும் ஒளி, நம் திடலில் வினாடிக்கு 3 செ.மீ. நகரும். தேங்காயிலிருந்து கிளம்பும் ஒளி 15 மீட்டர் தள்ளியிருக்கும் கடுகுக்கு வந்துசேர 500 வினாடி, அதாவது 8 நிமிடம் 20 வினாடி பிடிக்கும். நெப்டியூனுக்குப் போக நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 1977இல் புறப்பட்டு இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் வாயேஜர்-1 விண்கலம், மனிதர் செய்த பொருள்களில் மிகத் தொலைவுக்குப் போனது. அது நம் அளவில் தேங்காயிலிருந்து இரண்டரை கி.மீ. தள்ளி இருக்கிறது. சூரியனுக்கு அடுத்தபடியாக நமக்கு மிக அருகில் இருக்கும் விண்மீன் பிராக்சிமா சென்டாரி. அதை வைக்க 4,000 கி.மீ. போகவேண்டும். கன்னியாகுமரியில் தொடங்கிக் காஷ்மீரின் எல்லைவரை போனாலும் அந்தத் தூரம் வராது.

உள்ளே பாறை, வெளியே வாயு

உள்பக்கம் இருக்கும் நான்கு கோள்களும் ஏன் சிறியவை? வெளிப்பக்கம் இருக்கும் நான்கும் ஏன் பெரியவை? இது தற்செயலாக நேர்ந்ததல்ல. சூரியக் குடும்பம் பிறந்த விதத்திலேயே இதற்கு விடை இருக்கிறது.

சுமார் 460 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வாயுவும் தூசும் கலந்த ஒரு பெரிய மேகம் தன் ஈர்ப்பு விசையாலேயே உள்நோக்கிச் சுருங்கியது. நடுவில் குவிந்த பொருள் அழுத்தத்தால் சூடேறியது. வெப்பம் சுமார் ஒரு கோடி டிகிரியைத் தொட்டபோது ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாக மாறத் தொடங்கின. சூரியன் ஒளிவிட ஆரம்பித்தது. இன்றைக்கும் அது ஒவ்வொரு வினாடியும் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜனை ஹீலியமாக மாற்றுகிறது. அதில் 40 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட பொருள் ஆற்றலாக மாறி வெளியேறுகிறது. நம் முற்றத்தில் காயும் வெயில் அதில் ஒரு துளி.

மேகத்தின் மிச்சம் சூரியனைச் சுற்றித் தட்டையான வட்டாகச் சுழன்றது. சூரியனுக்கு அருகில் வெப்பம் அதிகம். அங்கே பாறையும் உலோகமும் மட்டுமே திடப்பொருளாக நிற்க முடிந்தது. அவை மோதி ஒட்டி வளர்ந்து புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் ஆயின. அந்த மேகத்தில் பாறையும் உலோகமும் குறைவு என்பதால் இவை சிறிய கோள்களாகவே நின்றுவிட்டன. தொலைவில் குளிர் அதிகம். அங்கே தண்ணீரும் பனிக்கட்டியாக உறைந்து திடப்பொருளோடு சேர்ந்துகொண்டது. கட்டுமானப் பொருள் மிகுதியாகக் கிடைத்ததால் வியாழனும் சனியும் வேகமாகப் பெருத்தன. பெருத்த பிறகு சுற்றியிருந்த ஹைட்ரஜனையும் ஹீலியத்தையும் தம் ஈர்ப்பால் இழுத்துக்கொண்டன. வியாழனின் நிறை பூமியைப்போல 318 மடங்கு. அதில் நிற்பதற்குக் கெட்டியான தரை கிடையாது.

வியாழனை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். 1610 ஜனவரியில் கலிலியோ தன் சிறிய தொலைநோக்கியை அதன் பக்கம் திருப்பியபோது, அருகே சில ஒளிப்புள்ளிகள் தெரிந்தன. அவை எங்கெங்கே இருக்கின்றன என்று ஒவ்வோர் இரவும் படம் வரைந்து வைத்தார். புள்ளிகள் இடம் மாறிக்கொண்டே இருந்தன. ஆனால் வியாழனை விட்டு விலகவில்லை. அவை வியாழனைச் சுற்றும் நான்கு நிலவுகள் என்று புரிந்தது. எல்லாமே பூமியைத்தான் சுற்றுகின்றன என்ற பழைய எண்ணம் அங்கே ஆட்டம் கண்டது. நல்ல பைனாகுலர் ஒன்றைச் சுவரில் அசையாமல் ஊன்றிப் பிடித்தால் அந்த நான்கு புள்ளிகளையும் இன்றைக்கு நீங்களும் பார்க்கலாம். நோட்டில் வரைந்துவைத்தால் கலிலியோ கண்டதையே காண்பீர்கள்.

இரண்டு கடுகுகளின் கதை

சூரியனுக்கு மிக அருகில் இருப்பது புதன். ஆனால் மிகவும் சூடான கோள் அதுவல்ல, வெள்ளி. புதனில் பகலில் 430 டிகிரி செல்சியஸ்வரை சுட்டெரிக்கும். இரவில் மைனஸ் 180 டிகிரிக்கு இறங்கிவிடும். வெப்பத்தைப் பிடித்துவைக்க அங்கே காற்று மண்டலம் இல்லை. வெள்ளியிலோ இரவும் பகலும் ஒரே மாதிரி 460 டிகிரிக்கு மேல். ஈயம் அங்கே உருகி ஓடும்.

திடலில் நாம் வைத்த வெள்ளியும் பூமியும் ஏறக்குறைய ஒரே அளவுக் கடுகுகள். இடைவெளி நான்கு மீட்டர்தான். ஆனால் வெள்ளியின் காற்றில் நூற்றுக்கு 96 பங்கு கரியமில வாயு. அந்தக் காற்றின் அழுத்தம் நம் ஊர்க் காற்றைப்போல 90 மடங்குக்கு மேல். உள்ளே வந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் அந்தக் கனத்த போர்வைக்குள் சிக்கிக்கொண்டது. இதைத்தான் பசுமை இல்ல விளைவு என்கிறோம்.

பூமியிலும் கரியமில வாயு இருக்கிறது. இங்கே அதில் பெரும்பகுதியைக் கடல் கரைத்துக்கொண்டது. அது சுண்ணாம்புப் பாறையாக நிலத்துக்குள் போய்த் தங்கிவிட்டது. காற்றில் மிஞ்சிய கொஞ்சம் வாயுவும் நீராவியும் சேர்ந்து பூமியை அளவாகச் சூடாக வைத்திருக்கின்றன. அவை இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை மைனஸ் 18 டிகிரியாக இருக்கும். இருப்பதால் 15 டிகிரி. தண்ணீர் தண்ணீராக ஓடுவதும் உயிர்கள் வாழ்வதும் இந்த அளவான போர்வையால்தான்.

அந்த அளவை நாம் மாற்றிக்கொண்டிருக்கிறோம். தொழிற்புரட்சிக்கு முன்பு காற்றில் பத்து லட்சம் பங்குக்குச் சுமார் 280 பங்கு கரியமில வாயு இருந்தது. நிலக்கரியும் பெட்ரோலும் எரித்து எரித்து இன்று அது 420ஐத் தாண்டிவிட்டது. இந்தக் கணக்கை ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958 முதல் அளந்து பதிவு செய்துவருகிறார்கள். பூமி வெள்ளியாகிவிடும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் போர்வை தடித்தால் சூடு கூடும் என்பதை வெள்ளி நமக்குக் கண்ணெதிரே காட்டுகிறது. பக்கத்துக் கோள்களைப் படிப்பது நம் கோளைக் காப்பாற்றவும் உதவும்.

ஒரு குச்சியும் அதன் நிழலும்

கோடையில் பூமி சூரியனுக்கு அருகில் போகிறது, அதனால்தான் வெயில் கொளுத்துகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், நமக்கு மார்கழிப் பனி கொட்டும்போது. அப்போது தொலைவு 14.7 கோடி கி.மீ. மிகத் தள்ளிப் போவது ஜூலை முதல் வாரத்தில், 15.2 கோடி கி.மீ. நம் திடலில் இது வெறும் அரை மீட்டர் வித்தியாசம்.

பருவங்கள் வருவது பூமியின் அச்சு சுமார் 23.4 டிகிரி சாய்ந்திருப்பதால். அந்தச் சாய்வு மாறாமலே பூமி சூரியனைச் சுற்றுகிறது. அதனால் ஆறு மாதம் வட பாதி சூரியனை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. ஆறு மாதம் தென் பாதி. எந்தப் பாதி சூரியனை நோக்கி இருக்கிறதோ அங்கே வெயில் செங்குத்தாக விழுகிறது, பகலும் நீள்கிறது. அங்கே கோடை.

இதைத் தமிழ்நாட்டில் கண்கூடாகப் பார்க்கலாம். நம் மாநிலம் முழுவதும் பூமத்திய ரேகைக்கும் கடக ரேகைக்கும் நடுவில் இருக்கிறது. அதனால் ஆண்டுக்கு இரண்டு நாள் நண்பகலில் சூரியன் சரியாகத் தலைக்கு நேர் மேலே வரும். அன்று அந்த நேரத்தில், நேராக நட்ட குச்சிக்கு நிழலே விழாது. இதை நிழல் இல்லா நாள் என்கிறார்கள். கன்னியாகுமரியில் இது ஏப்ரல் 10 வாக்கிலும் செப்டம்பர் 1 வாக்கிலும் வரும். சென்னையில் ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும். மற்ற ஊர்களுக்கு இவற்றுக்கு இடைப்பட்ட நாள்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை சென்னையில் நண்பகல் நிழல் தெற்கே விழும். ஆண்டின் மற்ற நாள்களில் வடக்கே விழும். டெல்லியில் ஆண்டு முழுவதும் நண்பகல் நிழல் வடக்கே மட்டும்தான்.

இந்த நிழலை வைத்து பூமியின் சுற்றளவையே அளந்துவிடலாம். இன்றைக்கு 2,200 ஆண்டுகளுக்கு முன்பு எகிப்தின் அலெக்சாண்டிரியா நகரில் நூலகத் தலைவராக இருந்த எரட்டோஸ்தனிஸ் இதைச் செய்தார். தெற்கே சையீன் என்ற ஊரில் கோடைக்கால நீள்பகல் நாளன்று நண்பகலில் சூரியன் நேர் மேலே நிற்கும் என்று அவருக்குத் தெரியும். அதே நேரத்தில் அலெக்சாண்டிரியாவில் நிழல் விழுந்தது. அந்தச் சாய்வு ஒரு முழு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆகவே இரண்டு ஊர்களுக்கும் இடையிலான தொலைவைப்போல ஐம்பது மடங்கு பூமியின் சுற்றளவு என்று கணக்கிட்டார். பூமி தட்டையாக இருந்தால் இரண்டு ஊர்களிலும் நிழல் ஒரே மாதிரி இருந்திருக்கும்.

இதே சோதனையைக் கன்னியாகுமரிப் பள்ளி ஒன்றும் சென்னைப் பள்ளி ஒன்றும் சேர்ந்து செய்யலாம். ஏப்ரல் 10ஐ ஒட்டிய நாளில் இரண்டு ஊர்களிலும் ஒரு மீட்டர் உயரமுள்ள குச்சியைச் சமதளத்தில் செங்குத்தாக நிறுத்துங்கள். தூக்குநூல் கட்டிப் பார்த்தால் குச்சி நேராக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். நண்பகல் என்பது கடிகாரத்தில் 12 மணி அல்ல. நிழல் மிகக் குறுகும் வேளை. அந்த நாளில் சென்னையில் அது 12.10 மணியை ஒட்டியும் கன்னியாகுமரியில் 12.20 மணியை ஒட்டியும் வரும். 12 மணியிலிருந்து இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் புள்ளி வைத்துக்கொண்டே வாருங்கள். சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. நிழலைப் பார்த்தால் போதும்.

கன்னியாகுமரியில் நிழல் மறைந்துபோகும். சென்னையில் மிகக் குறுகிய நிழலின் நீளம் எட்டே முக்கால் செ.மீ. அளவில் இருக்கும். இதை ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்கி, தாளில் 20 செ.மீ. உயரக் கோடு ஒன்றும், அதன் அடியில் செங்கோணமாக ஒன்றே முக்கால் செ.மீ. கோடு ஒன்றும் வரையுங்கள். இரண்டின் முனைகளையும் இணைத்து, உச்சியில் உள்ள கோணத்தைக் கோணமானியால் அளந்தால் 5 டிகிரி வரும். முழு வட்டத்துக்கு 360 டிகிரி. 360ஐ 5ஆல் வகுத்தால் 72. வடக்கு தெற்காக மட்டும் அளந்தால் இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே சுமார் 553 கி.மீ. இதை 72ஆல் பெருக்கினால் 39,816 கி.மீ. துருவங்கள் வழியாகப் பூமியின் உண்மையான சுற்றளவு 40,008 கி.மீ. ஒரு குச்சி, ஒரு தூக்குநூல், ஒரு அளவுகோல், ஒரு கோணமானி. இவ்வளவு போதும், பூமியை அளந்துவிடலாம்!

காலடியில் இருப்பது

பூமியின் மேற்பரப்பை அளந்தாயிற்று. உள்ளே என்ன இருக்கிறது? மேலிருந்து மையம்வரை 6,371 கி.மீ. மனிதர் தோண்டிய மிக ஆழமான துளைகளில் பெயர் பெற்றது ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் உள்ளது. இருபது ஆண்டுகளுக்கு மேல் முயன்று அங்கே எட்டிய ஆழம் 12 கி.மீ.க்குச் சற்று அதிகம். மையத்துக்குப் போகும் வழியில் ஐநூறில் ஒரு பங்கு.

ஆனாலும் உள்ளே இருப்பது நமக்குத் தெரியும். நிலநடுக்கம் வரும்போது அதன் அலைகள் பூமிக்குள் ஊடுருவி மறுபக்கம் வந்துசேர்கின்றன. கெட்டியான பகுதியில் அவை ஒரு வேகத்தில் போகும், உருகிய பகுதியில் வேறு வேகத்தில். ஒரு வகை அலை திரவத்துக்குள் போகவே போகாது. எந்த அலை எங்கே, எப்போது வந்தது என்று பார்த்தே உள்ளமைப்பைக் கணித்தார்கள். டென்மார்க் நாட்டின் இங்கே லேமன் என்ற பெண் அறிவியலாளர், 1929இல் நியூசிலாந்தில் நேர்ந்த நிலநடுக்கத்தின் பதிவுகளை ஆராய்ந்தார். வரக்கூடாத இடத்தில் சில அலைகள் வந்திருந்தன. பூமியின் நடுவில் இன்னொரு தனிக் கரு இருந்தால்தான் அப்படி நடக்கும் என்று 1936இல் அறிவித்தார். அது கெட்டியான இரும்புக் கரு என்பது பின்னர் உறுதியானது.

மேலே மெல்லிய மேலோடு. அதன் கீழே 2,900 கி.மீ. ஆழம்வரை சூடான பாறையாலான கவசம். அதற்கும் கீழே உருகிய இரும்பும் நிக்கலும் நிறைந்த வெளிக்கருவம். நடுவே கெட்டியான உள்கருவம். வெளிக்கருவத்தில் உருகிய இரும்பு ஓயாமல் புரண்டுகொண்டிருப்பதால்தான் பூமிக்குக் காந்தப்புலம் கிடைத்தது. சூரியனிலிருந்து பாய்ந்துவரும் மின்னேற்றத் துகள்களில் பெரும்பகுதியை அந்தக் காந்தப்புலம் திசைதிருப்பிவிடுகிறது. காலடியில் 2,900 கி.மீ. ஆழத்தில் நடப்பது தலைக்கு மேலே நமக்குக் கவசமாக இருக்கிறது.

நாமக்கல் பாறையும் நிலா மண்ணும்

திடலுக்குத் திரும்பினால், பூமி என்ற கடுகிலிருந்து 4 செ.மீ.க்கும் சற்றுக் குறைவான தூரத்தில் ஒரு மணல் துகளை வைக்கவேண்டும். அதுதான் நிலா. மனிதர் காலடி பட்ட வேறு உலகம் அது ஒன்றுதான். அங்கே போன அப்பல்லோ விண்வெளி வீரர்கள் கண்ணாடி எதிரொளிப்பான்களை வைத்துவிட்டு வந்தார்கள். பூமியிலிருந்து லேசர் கதிரை அனுப்பினால் அது அவற்றில் பட்டு இரண்டரை வினாடியில் திரும்பிவரும். அந்த நேரத்தைத் துல்லியமாக அளந்ததில், நிலா ஆண்டுக்கு 3.8 செ.மீ. நம்மைவிட்டு விலகிக்கொண்டிருப்பது தெரிந்தது.

2023 ஆகஸ்ட் 23 அன்று இந்தியாவின் சந்திரயான்-3 நிலாவின் தென்துருவப் பகுதியில் இறங்கியது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். முன்னதாக, சந்திரயான்-2இன் தரையிறங்கு கலத்தையும் ஊர்தியையும் சோதித்துப் பார்க்க நிலா மண்ணைப் போன்ற மண் தேவைப்பட்டது. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பகுதியில் கிடைக்கும் அனார்த்தசைட் என்ற வெளிர்நிறப் பாறையைப் பொடித்து அதை உருவாக்கினார்கள். நிலாவில் நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரியும் மேட்டுப்பகுதிகளும் அதே வகைப் பாறைதான். நிலா பிறந்த புதிதில் உருகிக் கிடந்தபோது, எடை குறைந்த கனிமங்கள் மேலே மிதந்து இறுகியதால் உண்டானவை அவை. ஒரே வகைக் கனிமம் நம் ஊர்க் கரட்டிலும் நிலாவிலும் இருக்கிறது.

பேனா முனையில் கிடைத்த கோள்

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே லட்சக்கணக்கான சிறுகோள்கள் சுற்றுகின்றன. கோளாகச் சேர முடியாமல் மிஞ்சிய பாறைகள் இவை. 1861 ஏப்ரலில் நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வகத்திலிருந்து நார்மன் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ஏசியா என்றே பெயர் வைத்தார்கள். 1988இல் காவலூர் வானாய்வகத்திலிருந்து கண்டறியப்பட்ட மற்றொன்றுக்குக் கணிதமேதை ராமானுஜனின் பெயர்.

நெப்டியூன் கிடைத்த கதை இன்னும் சிறப்பானது. 1781இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்த யுரேனஸ், கணக்குப்படி இருக்க வேண்டிய இடத்திலிருந்து சற்றே விலகி ஓடிக்கொண்டிருந்தது. அப்பால் இருக்கும் வேறொரு கோள் அதை இழுக்கவேண்டும் என்று பிரான்சில் லெ வெரியேவும் இங்கிலாந்தில் ஆடம்ஸும் தனித்தனியே கணக்குப் போட்டார்கள். லெ வெரியே தன் விடையை பெர்லின் வானாய்வகத்துக்கு எழுதி அனுப்பினார். கடிதம் கிடைத்த அன்று இரவே, 1846 செப்டம்பர் 23இல், யோஹான் காலே தொலைநோக்கியைத் திருப்பினார். சொன்ன இடத்திலிருந்து ஒரு டிகிரிக்குள் நெப்டியூன் இருந்தது. கண்ணுக்குத் தெரியும் முன்பே கணக்குக்குத் தெரிந்துவிட்ட கோள் அது.

ப்ளூட்டோ ஏன் நீக்கப்பட்டது என்று மாணவர்கள் தவறாமல் கேட்பார்கள். 1930இல் கிளைட் டாம்பா கண்டுபிடித்தபோது அது ஒன்பதாவது கோள் ஆனது. பிறகு அதே வட்டாரத்தில் அதைப்போன்ற பல பொருள்கள் தென்பட்டன. 2005இல் அறிவிக்கப்பட்ட ஏரிஸ் கிட்டத்தட்ட அதே அளவு. ப்ளூட்டோ கோள் என்றால் இவற்றையும் கோள் என்றாக வேண்டும். 2006இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் கோளுக்கு இலக்கணம் வகுத்தது. சூரியனைச் சுற்றவேண்டும், தன் ஈர்ப்பாலேயே உருண்டை வடிவம் பெற்றிருக்கவேண்டும், தன் பாதையில் தானே மேலோங்கி இருக்கவேண்டும். மூன்றாவது தகுதி ப்ளூட்டோவுக்கு இல்லை. அது குறுங்கோள் ஆனது. புதிய சான்று கிடைத்தால் பழைய பட்டியலைத் திருத்திக்கொள்வதுதான் அறிவியலின் பலம். ப்ளூட்டோ எப்போதும்போலத் தன் வழியில் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

அளந்து பார்த்தால் நம்முடையது

எரட்டோஸ்தனிஸின் கையில் இருந்தது நிழல். கலிலியோவிடம் ஒரு சிறு தொலைநோக்கியும் நோட்டும். லேமனிடம் நிலநடுக்கப் பதிவுகள். லெ வெரியேவிடம் பேனாவும் தாளும். இவர்கள் யாரும் விண்வெளிக்குப் போகவில்லை. பார்த்ததைக் கவனமாகக் குறித்தார்கள், குறித்ததைக் கணக்கிட்டார்கள். சூரியக் குடும்பத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இப்படித்தான் கிடைத்தது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோள்களின் பெயரைக் கேட்டு மதிப்பெண் போடுவதோடு இந்தப் பாடத்தை முடித்துவிடாதீர்கள். ஒரு பாடவேளையாவது பிள்ளைகளைத் திடலுக்கு அழைத்துப்போய்த் தேங்காயும் கடுகும் கோலியும் வைத்து நடக்கவிடுங்கள். வேறு மாவட்டத்துப் பள்ளி ஒன்றோடு பேசிவைத்து, நிழல் இல்லா நாளில் இரண்டு ஊரிலும் குச்சி நடுங்கள்.

மாணவர்களே, உங்கள் ஊரின் நிழல் இல்லா நாள் எது என்று இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அன்று மொட்டைமாடியிலோ முற்றத்திலோ நிழலை நீங்களே அளந்து, தேதியோடு நோட்டில் எழுதிவையுங்கள். அடுத்தவர் சொல்லித் தெரிந்த பூமியைவிட, நீங்கள் அளந்து அறிந்த பூமி உங்களுக்கு நெருக்கமாக இருக்கும்.